28 நாளா? 12 மாசமா?

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவையில் கேட்டபோது, "செல்போனால் நன்மையா தீமையா என்று எழுதேன்" என்றார்கள். அந்தத் தலைப்பில் பட்டிமன்றம் நடத்தி நடத்தி நாமும் ஓய்ந்துவிட்டோம், கேட்டவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். நன்மையோ தீமையோ, போன் இல்லாவிட்டால் இன்று தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதிகூட நமக்குத் தெரிய வராது. ஆகவே நான் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். அந்தப் போனுக்காக நம்மை எத்தனை நாளைக்குக் கட்டிப்போட்டுக்கொள்ளலாம்? 28 நாளுக்கா, ஒரு வருடத்துக்கா? ரீசார்ஜுக்கா, தவணைக்கா?

இது என்ன பெரிய கேள்வி என்று நினைக்காதீர்கள். நாம் பத்தாவது முடித்து இங்கே வந்தபோது நமக்கு 15, 16 வயது. இப்போது மூன்றாம் ஆண்டில் 18. பதினெட்டு என்றால் ஓட்டுப் போடலாம் என்பது மட்டும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதியும் 18 முடிந்தால்தான் வருகிறது. வயது வராதவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903இலேயே மொஹோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. போன வருடம் வரை செல்போன் கடையில் "அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா" என்றவர்கள், இந்த வருடம் "ஆதார் இருக்கா, பான் கார்டு இருக்கா, உட்காருங்க மேடம்" என்கிறார்கள். நம் கையெழுத்துக்குத் திடீரென்று ஒரு மதிப்பு வந்திருக்கிறது. அது யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டாமா?

என் வீட்டைப் பற்றி இரண்டு வரி. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அப்பா லாரி ஷெட்டில் லோடுமேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான் இல்லை, அப்பாவும் போடுவார். ஆனால் போடுவதற்கு முன்னால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் யாருக்குக் கடன் பத்திரம் வந்தாலும், வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தாலும் "அந்தப் பாலிடெக்னிக் புள்ளகிட்ட காட்டு" என்று என்னிடம் வந்துவிடுகிறது. அப்படிப் படித்துப் பார்த்த பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரீசார்ஜ் கணக்கு. பயப்படாதீர்கள், பொறியியல் கணிதம் மூன்று மாதிரி இருக்காது!

28 நாள் என்பது ஒரு மாதம் கிடையாது. பிப்ரவரிக்கு மட்டும்தான் அது மாதம். 28ஐ 13ஆல் பெருக்கினால் 364. அதாவது மாதத்துக்கு ஒரு முறை கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வருடத்துக்கு 13 முறை கட்டுகிறோம். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றாவது, மாதா மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று ஆணை போட்டது. கேட்டால்தான் கடையில் சொல்வார்கள், அது வேறு கதை.

2024 ஜூலை 3ஆம் தேதி ரீசார்ஜ் விலை ஏறியது நினைவிருக்கும். அன்று ஜியோவில் தினம் 2 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 299இலிருந்து 349 ரூபாய் ஆனது. தினம் 2.5 ஜிபி தரும் 365 நாள் திட்டம் 2,999இலிருந்து 3,599 ரூபாய் ஆனது. இப்போது பெருக்கிப் பாருங்கள். 349ஐ 13 முறை கட்டினால் 4,537 ரூபாய். வருடத்துக்கு ஒரே தடவையாகக் கட்டினால் 3,599. வித்தியாசம் 938 ரூபாய். டேட்டாவும் அதிகம்!

அப்படியானால் எல்லோரும் வருடத் திட்டமே போடலாமே, ஏன் போடவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை ராத்திரி அரிசி, எண்ணெய், மகளிர் குழுத் தவணை எல்லாம் போக, 349 ரூபாய் எடுத்து வைக்கலாம். 3,599 ரூபாயை எடுத்து வைக்க முடியாது. எந்தச் சனிக்கிழமையும் அவ்வளவு பெரிய சனிக்கிழமையாக இருந்ததில்லை. ஆக, 3,599 ரூபாய் கையில் உள்ளவர் 3,599 கட்டுகிறார். அது கையில் இல்லாதவர் 4,537 கட்டுகிறார். இல்லாதவன்தான் கூடக் கொடுக்கிறான்! இதைக் கண்டுபிடிக்க டிப்ளமோ தேவையில்லை. சாம்பு, சீயக்காய், காப்பித்தூள் என்று எல்லாவற்றையும் அண்ணாச்சி கடையில் சின்னப் பொட்டலமாக வாங்கிப் பழகிய எல்லா அம்மாக்களுக்கும் இது தெரியும்.

நீண்ட காலத்துக்குக் கட்டுப்படுவதில் இன்னொரு லாபமும் உண்டு. அந்த விலையேற்றத்தை நிறுவனங்கள் ஜூன் கடைசியிலேயே அறிவித்துவிட்டன. ஜூலை 3க்கு முன்னால் வருடத் திட்டம் போட்டவர்களுக்கு அடுத்த ஒரு வருடம் பழைய விலைதான். 600 ரூபாய் மிச்சம். 28 நாள்காரர்களுக்கு அடுத்த ரீசார்ஜே புது விலை. விலை ஏறும் காலத்தில் நீண்ட ஒப்பந்தம் ஒரு குடை மாதிரி.

சரி, கட்டுப்பட்டால் நஷ்டமே கிடையாதா என்று கேட்டால்... உண்டு. நாம் கட்டுப்படுகிறோம், எதிர்த்தரப்பு கட்டுப்படுகிறதா என்பதுதான் கேள்வி. 2005 கடைசியில் "லைஃப்டைம்" என்று ஒரு திட்டம் வந்தது. 999 ரூபாய் கட்டினால் வாழ்நாள் முழுக்க அழைப்பு வரும் என்று விளம்பரம். எங்கள் பெரியப்பா போட்டு வைத்திருந்தார். அந்த "வாழ்நாள்" பெரியப்பாவின் வாழ்நாள் கிடையாது. நிறுவனத்தின் உரிமம் இருக்கும் வரைக்கும் என்றுதான் அதற்குப் பொருள். 2018 கடைசியில் பெரிய நிறுவனங்கள், மாதா மாதம் குறைந்தபட்ச ரீசார்ஜ் போடாவிட்டால் சேவை நிற்கும் என்று குறுஞ்செய்தி அனுப்ப ஆரம்பித்தன. பெரியப்பா இன்னும் நன்றாக இருக்கிறார். லைஃப்டைம்தான் முடிந்துவிட்டது!

அதே 2018இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏர்செல் நெட்வொர்க் படுத்து, நிறுவனம் திவால் மனு போட்டது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளக் கடை கடையாக ஜனங்கள் அலைந்ததை நம் அண்ணன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரியிலேயே நாடு முழுக்க வந்துவிட்டது. 1900க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அதைத் தொடங்கலாம். ஆனால் எண் கூட வரும், முன்கூட்டிக் கட்டிய பணம் கூட வராது. வருடத் திட்டம் போட்ட மூன்றாம் மாதம் விடுதிக்குள் சிக்னல் கிடைக்கவில்லை என்றால், மீதி ஒன்பது மாதமும் மொட்டை மாடிதான். ஆகவே வருடத் திட்டம் போடுமுன் வீடு, விடுதி, பேருந்து வழி மூன்றிலும் சிக்னல் எப்படி என்று 28 நாள் பார்த்துவிட்டுப் போடுவதுதான் புத்தி.

ஆனாலும் இந்த வகை ஒப்பந்தத்தில் ஒரு நிம்மதி. பணத்தை முன்னால் கொடுத்துவிட்டுப் பின்னால் அனுபவிக்கிறோம். போனால் போவது கொடுத்த 3,599தான். அதற்கு மேல் ஒரு பைசா நம்மைத் தேடி வீட்டு வாசலுக்கு வராது.

முன்னால் அனுபவித்துவிட்டுப் பின்னால் கட்டுவது முற்றிலும் வேறு விஷயம். வெளிநாட்டில் "மொபைல் கான்ட்ராக்ட்" என்றால் பெரும்பாலும் அதுதான். 2007 ஜூனில் அமெரிக்காவில் முதல் ஐபோன் வந்தபோது ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டாக வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. 2003 ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய் கொடுத்தால் கையில் போன், மீதி மாதக் கட்டணத்தில் என்று கொடுத்தது. ஊரே வாங்கியது. கொஞ்ச நாளில் கட்டாதவர்கள் பாக்கி நிறுவனத்துக்கே பெரிய தலைவலி ஆனது. 2017இல் ஜியோபோன் வந்தபோது 1,500 ரூபாய் வைப்புத்தொகை, மூன்று வருடம் கழித்துத் திருப்பித் தருவோம், போன் இலவசம் என்றார்கள். பிறகு வந்த நிபந்தனைகளில் வருடத்துக்கு 1,500 ரூபாய்க்காவது ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும் என்று இருந்தது. விளம்பரம் பெரிய எழுத்தில் வரும், நிபந்தனை சிறிய எழுத்தில் வரும். படிக்கத் தெரிந்தவர்கள் நாம் எதற்கு இருக்கிறோம்?

இன்று நம் ஊரில் அந்த ஒப்பந்தத்தின் பெயர் இ.எம்.ஐ. அதாவது தவணை.

தவணையைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் திட்ட மாட்டேன். எங்கள் வீட்டுக் கிரைண்டர், கட்டில், அம்மாவின் குக்கர் எல்லாமே தவணையில் வந்தவை. "ரொக்கமாச் சேர்த்து வாங்கணும்னா இந்த வீட்ல ஒரு பொருளும் வந்திருக்காதுடி. சேர்த்து வச்சா ஆஸ்பத்திரிக்குப் போயிரும், இல்லன்னா மொய்க்குப் போயிரும். கடன்னு இருந்தாத்தான் காசு நிக்கும்" என்பாள் அம்மா. இது வெறும் பேச்சில்லை, பெரிய பொருளாதாரம். எங்களைப் போன்ற வீடுகளில் தவணை என்பது கட்டாயச் சேமிப்பு. 17,000 ரூபாய் சேரட்டும் என்று காத்திருந்தால் மூன்று வருடப் படிப்பே முடிந்துவிடும். சர்க்யூட் சிமுலேஷன் செயலி வேலை செய்கிற ஒரு நல்ல போன் படிக்கும்போது தேவையா, படித்து முடித்த பிறகு தேவையா? தவணை ஒழுங்காகக் கட்டினால் கடன் வரலாறும் நன்றாக அமையும். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அம்மா பழகிய தவணையும் இந்தத் தவணையும் ஒன்றில்லை. அம்மாவின் தவணைக்காரர் சைக்கிளில் வருவார். கேரியரில் பாத்திரம், பையில் நீள நோட்டு. ஐப்பசியில் மழை பிடித்துத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை நின்றுவிட்டால், "இந்த வாரம் இல்லண்ணே" என்று அம்மா சொல்வாள். அவரும் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். விலையில் கூட வைத்துத்தான் விற்றிருப்பார், அது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் மழை பெய்தது என்று அவருக்கும் தெரியும். அவரும் அதே மழையில்தான் நனைந்து வந்தார்.

போன் தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கிறது. ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி. சனிக்கிழமை ஏழாம் தேதி வருகிறது என்று அதனிடம் யார் சொல்வது? எங்கள் தெருவில் ஒரு மாமா, மகனுக்காக 18,000 ரூபாய் போன் ஒன்றைத் தவணையில் எடுத்தார். மகன் நம்மைப் போல் டிப்ளமோ படிப்பவன்தான். மாதம் 1,500, பன்னிரண்டு மாதம், "வட்டியே இல்லை". மூன்றாவது மாதம் கணக்கில் 1,340 ரூபாய் இருந்தது. 160 ரூபாய் குறைவு. தவணை திரும்பியதற்குக் கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம், இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி என்று 800 ரூபாய்க்கு மேல் போனது. குறுஞ்செய்தியை நான்தான் படித்துச் சொன்னேன். "160 ரூபாய்க்கு 800 ரூபாயா? கந்து வட்டிக்காரன்கூட இப்படி வாங்க மாட்டானே தாயி" என்றார். என்ன பதில் சொல்வது?

ஏழாவது மாதம் பேருந்து நெரிசலில் அந்தப் போனே தொலைந்துபோனது. போன் போய்விட்டது, தவணை போகவில்லை! மீதி ஐந்து மாதம், கையில் இல்லாத போனுக்கு மாதம் 1,500 கட்டினார் மாமா. கடன் ஒப்பந்தத்தில் போன் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே கிடையாது. அது பணத்துக்கு எழுதியது, பொருளுக்கு இல்லை. நாம் போனை வாங்கியதாக நினைக்கிறோம். காகிதத்தில் நாம் வாங்கியது கடன்.

"வட்டியே இல்லை" என்பதையும் பார்த்துவிடலாம். கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரொக்கமாக் கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" அந்த 18,000 ரூபாய் போனுக்கு நான் கேட்டபோது, "17,000க்குத் தர்றேன்" என்றார்கள். தவணைக்கு நடைமுறைக் கட்டணம் 600. அப்படியானால் உண்மையில் நமக்குக் கிடைக்கும் கடன் 16,400. திருப்பிக் கட்டுவது 18,000. கூடுதல் 1,600. "16,400க்கு 1,600தானே, பத்து சதவீதம்கூட இல்லையே" என்று தோன்றும். ஆனால் 16,400ம் வருடம் முழுக்க நம் கையில் இல்லையே! மாதா மாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். சராசரியாக நம்மிடம் இருப்பது ஏறக்குறையப் பாதிதான். அதற்கு 1,600 என்றால் வருட வட்டி 17, 18 சதவீதம் வருகிறது. "ஜீரோ சதவீத வட்டி" என்ற ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கையே அனுப்பியது. பெயர் மாறி "நோ காஸ்ட்" ஆனது, அவ்வளவுதான்.

2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்குத் தரும் புதிய கடன்களுக்கு, "முக்கிய விவர அறிக்கை" என்ற ஒரு தாளைக் கடன் கொடுப்பவர் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த வருட வட்டி எவ்வளவு, தவறினால் என்ன அபராதம் என்று அதில் போட்டிருக்கும். நாம் கேட்க வேண்டிய தாள் அதுதான். போன் நிறம் கறுப்பா நீலமா என்று அரை மணி நேரம் பார்க்கிற நாம், அந்தத் தாளை ஐந்து நிமிடம் பார்க்கலாமே! போனோடு பூட்டுச் செயலி எதையாவது சேர்த்துப் போடுகிறார்களா என்றும் கேளுங்கள். தவணை தவறினால் போனைத் தூரத்திலிருந்தே பூட்டும் முறையை அனுமதிக்கலாமா என்று ரிசர்வ் வங்கி யோசிப்பதாக 2025 செப்டம்பரில் செய்தி வந்ததைப் படித்திருப்பீர்கள். வேலைக்குக் கூப்பிடும் அழைப்பு வருகிற அன்று போன் பூட்டிக் கிடந்தால்?

எனக்கு உண்மையில் பயம் தருவது அபராதம்கூட இல்லை. நம்மில் பாதிப் பேர் டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு சேர நினைக்கிறோம். நானும்தான். அதற்குக் கல்விக் கடன் வேண்டும். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது வங்கியில் முதலில் பார்ப்பது சிபில் மதிப்பெண். 300 முதல் 900 வரை உள்ள ஒரு எண். நமக்கு 18 ஆகுமுன் போன் தவணை யார் பெயரில் எடுத்தோம்? அப்பா பெயரில். தவறிய ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் யார் பெயரில் ஏறியிருக்கிறது? மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் மாணவருக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் வங்கிக் கவுண்டரில் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிற தைரியம் எத்தனை லோடுமேன்களுக்கு இருக்கும்? ஒரு போனுக்காக ஒரு படிப்பையே பந்தயம் வைக்கிறோம், அதுவும் அப்பாவின் கையெழுத்தை வைத்து.

போஸ்ட்பெய்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அது சௌகரியம்தான். பாக்கி இருந்தால் எண்ணை மாற்ற முடியாது. நமக்கு மாதச் சம்பளம் வரும்போது அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

ஆக என் கட்சி இதுதான். முன்னால் கட்டி அனுபவிக்கிற ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் போடலாம், லாபம். பின்னால் கட்டுகிற ஒப்பந்தத்தை வாரச் சம்பள வீட்டுப் பிள்ளைகள் போடக் கூடாது. போட்டே தீர வேண்டுமென்றால், வீட்டில் சம்பளம் வரும் நாளுக்குப் பிறகு தவணைத் தேதி விழும்படி கேட்டு வாங்க வேண்டும், ஒரு மாதத் தவணையைக் கணக்கில் தொடாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டும் முடியாதென்றால் 6,000 ரூபாய்க்குக் கைமாறிய பழைய போன் போதும். என்னுடையது அப்படி வாங்கியதுதான். ஓரத்தில் ஒரு கீறல், மற்றபடி ஓடுகிறது.

"முன்னால் கட்டலாம் என்கிறாய், 3,599க்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். இதற்கு எங்கள் வகுப்பில் ஒரு வழி செய்து பார்த்தோம். 2024 ஆகஸ்டில் 12 பேர் சேர்ந்து ஒரு ரீசார்ஜ் சீட்டு ஆரம்பித்தோம். ஆளுக்கு மாதம் 300. மொத்தம் 3,600. மாதம் ஒருவருக்கு வருட ரீசார்ஜ் 3,599. மிச்சம் ஒரு ரூபாய்! ஏலமும் கிடையாது, குலுக்கலும் கிடையாது. வாரச் சம்பள வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் முறைகள். தன் முறை வரும் வரை சீட்டுக்கும் கட்டி, 349 ரீசார்ஜும் போட்டுச் சமாளிக்கக் கூடியவர்களுக்குக் கடைசி முறைகள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதால்தான் பலருக்கு இது முடிந்தது. என் முறை ஐந்தாவது.

நவம்பரில் மழை. இரண்டு பேரால் கட்ட முடியவில்லை. விடுதியில் இருக்கும் ஒருத்தி போட்டுக் கொடுத்தாள், இரண்டு சனிக்கிழமை கழித்து வாங்கிக்கொண்டாள். அபராதம் கிடையாது. இதுவும் ஒப்பந்தம்தான், ஆனால் மழை பெய்வது தெரிந்த ஒப்பந்தம்.

எல்லாம் இனிப்பாகவே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது முறையில், அக்டோபரில், ரீசார்ஜ் எடுத்த ஒரு தோழி டிசம்பரோடு படிப்பை நிறுத்திவிட்டாள். வீட்டுச் சூழ்நிலை. அவள் கட்ட வேண்டிய பாக்கி ஏழு மாதம், 2,100 ரூபாய். அவளிடம் கேட்பதில்லை என்று பதினொரு பேரும் பேசி முடிவு செய்தோம். ஆளுக்கு 191 ரூபாய் கூடுதலாக விழுந்தது. அப்படியும் எங்களுக்கு ஆன செலவு 3,791. மாதா மாதம் போட்டிருந்தால் 4,537. ஆளுக்கு 746 ரூபாய் மிச்சம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதா மாதம் ரீசார்ஜ் போடுகிறவளாக இருந்திருந்தால் ஜனவரியிலேயே அவள் எண் அடங்கியிருக்கும். வருட ரீசார்ஜ் இருந்ததால் 2025 அக்டோபர் வரை அந்த எண்ணில் மணி அடித்தது. விட்டுப்போன தாள்களை எழுதத் தேர்வுக் கட்டணம் எப்போது கட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல முடிந்தது. ஏப்ரலில் வந்து இரண்டு தாள் எழுதிவிட்டுப் போனாள்.

வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கும் அம்மா, பாட்டிகளுக்கு டேட்டாவே வேண்டாம். பேசவும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் கொடுத்தாக வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி திருத்தி, அதன் காலத்தை 365 நாள் வரை நீட்டிக்கவும் வழி செய்திருக்கிறது. கடையில் அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பாட்டிக்கும் தினம் 2 ஜிபி போட்டு அனுப்பிவிடுவார்கள்!

இரண்டாம் ஆண்டுத் தங்கைகள் இந்தச் சீட்டை இப்போது தொடங்கப் போகிறார்கள். அன்றைக்கு என்ன விலையோ அதைப் பன்னிரண்டால் வகுத்து ஆளுக்கு ஒரு பங்கு. நடுவில் விலை ஏறினால் ஏறிய தொகையைப் பன்னிரண்டு பேரும் பகிர்ந்துகொள்வது, பாதியில் படிப்பை நிறுத்துகிறவரிடம் பாக்கி கேட்பதில்லை என்ற இரண்டையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து பேர் வேண்டும். தம்பிகளும் சேரலாம். சனிக்கிழமை மதியம் மின்னணுவியல் ஆய்வகத்து வராந்தாவில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.